ஒரே சட்டி, ஒரே பஸ்

போன மாதம் ஷார்ஜாவில் எங்கள் பள்ளிக்கூடத்தில் நான் போட்ட கூச்சலுக்கு விளக்கம் கேட்டு இதுவரை பதினோரு பேர் போன் செய்துவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போச்சு. அதனால் எழுதிவிடுகிறேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை?

நடந்தது இதுதான். பள்ளியின் சாரணர் பொறுப்பை என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளப் போகிறவர் நிவேதிதா மிஸ். நல்ல பெண், படு சுறுசுறுப்பு. குளிர்கால முகாமுக்குப் போகிற பிள்ளைகள், கூட வருகிற பெற்றோர்கள் எல்லாருடைய பெயரையும் டேப்லெட்டில் ஏற்றிக் கொண்டுவந்தார்.

"சார், நீங்க மூணு நாள் உக்காந்து எழுதுற லிஸ்ட். இப்ப பாருங்க, ஒரே தட்டு!"

தட்டினார். அத்தனை பேரும் கடைசிப் பெயரின் ஆங்கில எழுத்து வரிசையில் சடசடவென்று அடுக்கி நின்றார்கள். அதோடு விட்டதா? ஏ முதல் ஜி வரை முதல் பஸ், எச் முதல் எம் வரை இரண்டாவது பஸ் என்று அதுவே பிரித்தும் கொடுத்துவிட்டது.

"அழிங்க!" என்று கத்தினேன். "அழிங்கன்னு சொல்றேன்ல! இப்பவே அழிங்க!"

ஸ்டாஃப் ரூமே திரும்பிப் பார்த்தது. நிவேதிதா மிஸ் முகம் வெளிறிவிட்டது. "என்ன சார் ஆச்சு? வெறும் பஸ் லிஸ்ட்தானே?" என்றார். வெறும் பஸ் லிஸ்ட்! முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் நானும் இதே வார்த்தையைத்தான் சொன்னேன். அப்புறம் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், டீ வாங்கிக் கொடுத்தேன், கதையையும் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

என் பெயர் கதிரேசன். ஆனால் வளைகுடாவில் என்னை அந்தப் பெயரால் கூப்பிட்டவர்கள் குறைவு. பாஸ்போர்ட்டில் என் பெயருக்குப் பின்னால் அப்பாவின் பெயர் முத்தையா. அதனால் முதல் நாளிலிருந்தே நான் "மிஸ்டர் முத்தையா". சிவகங்கையில் தலைப்பாகை கட்டிக்கொண்டு மாட்டுச் சந்தைக்குப் போகிற என் அப்பாவின் பெயரைச் சொல்லி, அப்போது நான் வேலை பார்த்த குவைத்தில் பிள்ளைகள் "குட் மார்னிங் முத்தையா சார்" என்பார்கள். நானும் இளித்துக்கொண்டே பதில் சொல்வேன். உடற்கல்வி படித்துவிட்டு, இருபத்தாறு வயதில் ஒரு தோல் பெட்டியோடும் ஒரு விசிலோடும் அங்கே போய் இறங்கியவன். நன்றாக விசில் ஊதுவேன் என்ற ஒரே தகுதிக்காக என்னைச் சாரணர் படைக்கு உதவி மாஸ்டர் ஆக்கினார்கள்.

படைக்குத் தலைவர் குல்கர்னி சார். ராணுவத்தில் இருந்துவிட்டு வந்த கணக்கு வாத்தியார், மராட்டியர். அவரைப் போல ஒரு மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. சத்தமே போட மாட்டார். ஒரு பிள்ளையின் சட்டையில் பொத்தான் இல்லையென்றால், அந்த இடத்தையே அரை நிமிடம் பார்ப்பார். பிள்ளைக்கு வேர்த்துவிடும். மறுநாள் பொத்தான் இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரு முறை வைத்திருந்தார். ஒரு நீண்ட ஊதல் என்றால் அப்படியே நில். குட்டிக் குட்டியாக விடாமல் ஊதினால் ஓடி வந்து கூடு. எட்டுப் பேர் ஓர் அணி. பொறுப்பில் விட்ட ஆட்களில் கடைசி ஆள் போய்ச் சேரும்வரை சாரணன் இடத்தை விட்டு நகரக் கூடாது. பெயர்ப் பட்டியல் என்றால் கடைசிப் பெயரின் எழுத்து வரிசை, ராணுவத்தில் போல. "முத்தையா, பட்டியல் சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது" என்பார் இந்தியில். எனக்கு அவரைக் கண்டால் பயம், பக்தி இரண்டும்.

அப்புறம் வந்தது அந்த ஆகஸ்ட். 1990.

காலையில் எழுந்து பார்த்தால் தெருவில் ஈராக் டாங்கி! ஊரெல்லாம் புகை. கோடை விடுமுறை என்பதால் ஆசிரியர்கள் பாதிப் பேர் இந்தியாவில். டிக்கெட் கிடைக்காத நானும், லீவுக்கு ஊருக்கே போகாத குல்கர்னி சாரும் அங்கே மாட்டிக்கொண்டோம். வேலை போச்சு, பேங்க் மூடியாச்சு, ஊருக்குப் பேச போன் கிடையாது. எங்கே போவது என்று தெரியாமல் நம் ஜனங்கள் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வர ஆரம்பித்தார்கள். மைதானம் நிறைந்தது, வகுப்பறைகள் நிறைந்தன, வராண்டாவில் குழந்தைக்குத் தூளி கட்டினார்கள்.

குல்கர்னி சார் என்னைக் கூப்பிட்டு, "சாரணர்கள் எத்தனை பேர் ஊரில் இருக்கிறார்கள்?" என்று கேட்டார். தேடிப் பிடித்தால் பையன்களும் பெண்களுமாகப் பதினான்கு பேர். எல்லாருக்கும் பதினைந்து, பதினாறு வயது. போர் வந்துவிட்டது, நாட்டுக்கு உழைக்கப் போகிறோம் என்ற துடிப்பில் பளபளவென்று காக்கி யூனிஃபார்ம் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். பார்த்தவுடன் எனக்குப் புல்லரித்தது.

குல்கர்னி சார் அவர்களைப் பார்த்தார். பொத்தானுக்காக அரை நிமிடம் முறைக்கிற அந்த மனிதர் சொன்ன முதல் வார்த்தை, "எல்லாரும் யூனிஃபார்மைக் கழற்றுங்கள்."

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. தெருமுனையில் துப்பாக்கியோடு சிப்பாய்கள் நிற்கிறார்கள், காக்கிச் சட்டை போட்ட இளவட்டங்களைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று அவர் சொன்ன பிறகுதான் உறைத்தது. அன்றே பதினான்கு யூனிஃபார்மையும் மூட்டை கட்டித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்தோம். நீல ஸ்கார்ஃபை மட்டும் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார்கள். அது போதும் என்றார் குல்கர்னி சார். போதாமலா? பத்து நாளில் மைதானத்தில் எல்லாருக்கும் அந்த நீலத் துண்டு தெரிந்துவிட்டது! விடிந்ததும் பேக்கரி வரிசையில் நின்று குபூஸ் ரொட்டி வாங்கி வருவது, குழந்தைகளுக்குப் பால் பவுடர் தேடுவது, ஒரு தெருவில் இருக்கிறவரின் சேதியை இன்னொரு தெருவுக்குக் கொண்டுபோவது, தண்ணீருக்கு வரிசை பிடிப்பது என்று எல்லாம் அந்தப் பதினான்கு பேர்தான். பெரியவர்கள் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தபோது இந்தப் பிள்ளைகள் ஓடினார்கள். நானும் கூட ஓடினேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் அவ்வளவு உற்சாகமாக நான் இருந்ததில்லை. குண்டுச் சத்தம் கேட்கிற ஊரில் உற்சாகமா என்று கேட்காதீர்கள். இருந்தேன்.

பிறகு பஸ்கள் வரப்போவதாகச் சேதி வந்தது. பாக்தாத் வழியாக ஜோர்டான் எல்லை, அங்கிருந்து அம்மான், அம்மானிலிருந்து விமானத்தில் பம்பாய். யார் எந்த பஸ் என்று பட்டியல் போடும் வேலை என் தலையில். குல்கர்னி சார் சொன்ன முறை தெரிந்ததுதானே? கடைசிப் பெயர், எழுத்து வரிசை. ஒவ்வொரு பஸ்ஸின் கண்ணாடியிலும் சாக்பீஸால் ஓர் எழுத்து. பஸ்ஸுக்கு ஒரு சாரணர்.

இங்கேதான் ஒருத்தி முட்டுக்கட்டை போட்டாள். ஃபாத்திமா, கீழக்கரைப் பிள்ளை, பதினாறு வயது, வாய்த்துடுக்கு. அவளும் நானும்தான் பட்டியலைப் பிரதி எடுத்தோம். நடுவில் பேனாவை வைத்துவிட்டாள்.

"சார், இந்த லிஸ்ட் சரியில்ல சார்."

"ஏன், உன் பேரு விட்டுப்போச்சா?"

"அதில்ல சார். ஷா குடும்பம்னா எல்லாருக்கும் ஷா. நம்ம ஆளுங்களுக்கு அப்படியா? புருஷனுக்குக் கடைசியில அவங்க வாப்பா பேரு. பொண்டாட்டி புள்ளைக்கு இவரு பேரு. ஆளுக்கொரு பஸ்ல போயிருவாங்களே!"

எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. குடும்பம் என்றால் என்ன, மூட்டை முடிச்சு என்றால் என்ன என்று தெரியாத வயது. அதோடு, குல்கர்னி சார் போட்ட முறையில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் குற்றம் கண்டுபிடிக்கிறதாவது! "எல்லா பஸ்ஸும் ஒண்ணா ஒரே ரோட்டுலதான் போகுது. வெறும் பஸ் லிஸ்ட்டுக்கு இவ்வளவு விசாரணையா? எழுதும்மா!" என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுதினாள். வருடக்கணக்காக அப்பன் பேருக்குத் திரும்பிப் பார்த்துப் பழகிய எனக்கு இது உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லையே!

பஸ்கள் வந்த காலையில் மைதானம் திருவிழாதான். நான் மேஜை மேல் ஏறி நின்று விசில் ஊதி ஊதி ஏற்றிக்கொண்டிருந்தேன். அப்போது ஏ பஸ்ஸின் படியில் ஒருவர் ஏறாமல் நின்றார். செல்வராஜ், புதுக்கோட்டைக்காரர், கராஜில் மெக்கானிக், முப்பது வயதிருக்கும். அவருடைய அப்பா பெயர் ஆறுமுகம். அதனால் அவருக்கு ஏ பஸ். மனைவி வசந்தாவுக்கும் நான்கு வயது மகள் மலருக்கும் கடைசிப் பெயர் செல்வராஜ். அவர்கள் எஸ் பஸ்.

"சார், பாப்பா பேரு எம் பாஸ்போர்ட்டுலதான் சார் இருக்கு. அதுக்குன்னு தனியா பாஸ்போர்ட் கிடையாது. நானும் அவுகளோடவே வந்துர்றேன் சார்" என்றார் மெதுவாக.

அந்தக் காலத்தில் அப்படித்தான். சின்னக் குழந்தைகளை அப்பாவின் பாஸ்போர்ட்டிலோ அம்மாவின் பாஸ்போர்ட்டிலோ ஒரு வரியாக எழுதியிருப்பார்கள்.

"அண்ணே, இப்படி ஆளாளுக்கு மாத்துனா லிஸ்ட் என்னத்துக்கு ஆகும்? பின்னாலயே எஸ் பஸ் வருது. பார்டர்ல பாத்துக்கலாம். ஏறுங்க! யல்லா, யல்லா!"

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். நான் அவர் காதுக்குப் பக்கத்தில் விசிலை ஊதினேன். ஆம், ஊதினேன். அவர் ஏறிவிட்டார். ஏ பஸ்ஸுக்குப் பொறுப்பு பினு என்ற மலையாளிப் பையன். அவன் கதவைச் சாத்திக்கொண்டு எனக்குக் கையசைத்தான்.

எம் வரை பஸ்கள் போய்விட்டன. அதோடு டீசல் தீர்ந்தது. மீதி பஸ்கள் கிளம்ப இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் வசந்தா பள்ளிக்கூட வாசலில் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் எழுந்து நிற்பார். ஒன்றும் கேட்க மாட்டார். நானும் வேறு பக்கமாக நடந்துபோய்விடுவேன்.

எஸ் பஸ்ஸில் நானும் போனேன். பொறுப்பு ஃபாத்திமாவுக்கு. அவளுடைய உம்மாவும் அதே பஸ். கிளம்பி ஒரு மணி நேரம் கழித்து ஆள் கணக்கு எடுத்தேன். சிங், ஷா, சர்மா குடும்பங்கள் ஜாம் ஜாமென்று ஒன்றாக உட்கார்ந்து பூரியைப் பிய்த்துக்கொண்டிருந்தன. நம் ஆட்கள்? கணவன்மார்கள் இருந்தார்கள், மனைவிமார்களும் இருந்தார்கள். ஒரு ஜோடி கூட இல்லை! சுப்பையாவின் மகன் தனியாக, சண்முகத்தின் மனைவி தனியாக. ஃபாத்திமா முன் சீட்டில் இருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். "நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கூடத் தேவலை.

இரண்டு நாள் பயணம் முடிந்து, நல்ல வெயிலில் எல்லைச் சாவடிக்கு வந்தோம். அதைத் தாண்டினால் இரண்டு நாடுகளுக்கும் நடுவே யாருக்கும் சொந்தமில்லாத பொட்டல். அங்கேதான் கூடாரங்கள், முன்னால் போனவர்கள் எல்லாரும் அங்கேதான். மற்ற தமிழ்க் குடும்பங்களுக்கு ஆபத்தில்லை, ஆளுக்கொரு பாஸ்போர்ட் இருந்தது, அங்கே போய்ச் சேர்ந்துகொள்ளலாம். சாவடி அதிகாரி, தூங்கிப் பல நாள் ஆன முகம், ஒவ்வொரு பாஸ்போர்ட்டாக முத்திரை குத்திக்கொண்டே வந்து மலரிடம் நின்றார். குழந்தையைக் காட்டி, பாஸ்போர்ட் என்று கேட்டார். வசந்தா தன்னுடையதை நீட்டினார். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "மாக்கு, மாக்கு" என்று தலையை ஆட்டினார். இல்லை, இல்லை. அம்மா போகலாம். குழந்தை யாருடையது என்பதற்குக் காகிதம் வேண்டும். அவர் கொடுமைக்காரர் இல்லை. அந்தக் கூட்டத்தில் யார் பிள்ளையை யார் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

நான் எனக்குத் தெரிந்த அரபு, இந்தி, இங்கிலீஷ் எல்லாவற்றிலும் கெஞ்சினேன். பின்னால் பஸ் வரிசை ஹாரன் அடித்தது. வசந்தா என்னைப் பார்த்தார். ஐந்து நாளில் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

"பார்டர்ல பாத்துக்கலாம்னு நீங்கதான சொன்னீங்க சார்? இதான் பார்டர். பாருங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பஸ்ஸை நிறுத்திவைக்க முடியாது, நாற்பது சொச்சம் பேர் உள்ளே வேகிறார்கள். நான் இறங்கிவிட்டேன். வசந்தாவும் மலரும் இறங்கினார்கள். ஃபாத்திமாவிடம் சொன்னேன், "நீ பஸ்ஸோட போ. பினுவைக் கண்டுபிடி. செல்வராஜ் பாஸ்போர்ட்டை வாங்கி, இதே டிரைவர்கிட்டக் குடுத்து அனுப்பு. காலி பஸ் இந்த வழியாத்தான் திரும்பணும்."

"அவுக அங்க இல்லாட்டி சார்? விமானத்துக்குப் போயிருந்தா?"

அதுதான் என் கேள்வியும். ஏ பஸ்காரர்களை அம்மானுக்கு அனுப்பியிருந்தால் எல்லாம் முடிந்தது. அப்பா பம்பாயில், குழந்தை பாலைவனத்தில். நான் பஸ்ஸின் பக்கவாட்டைத் தட்டினேன். ஃபாத்திமா தன் நீல ஸ்கார்ஃபை அவிழ்த்து டிரைவர் பக்கத்துக் கண்ணாடியில் முடிச்சுப் போட்டாள், திரும்பி வரும்போது அடையாளம் தெரிய. டிரைவர் வயசான ஈராக்கியர். தன் கண்ணைத் தொட்டுக் காட்டி, சரி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அப்புறம் காத்திருந்தோம். நிழல் என்று சொல்ல ஒரு தகரச் சுவர்தான். மலர் தண்ணீர் கேட்டது, அப்பா கேட்டது, திரும்பவும் தண்ணீர் கேட்டது. அதிகாரி தன் பாட்டிலைக் கொடுத்தனுப்பினார். காலி பஸ்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வர ஆரம்பித்தன. ஒவ்வொன்றின் கண்ணாடியையும் நான் எட்டி எட்டிப் பார்த்தேன். இல்லை. அடுத்தது, இல்லை. ஆறு பஸ், ஏழு பஸ். வசந்தா எண்ணுவதை விட்டுவிட்டார். நான் ஒரு மடையன், ஒரு மடையன் என்று எனக்குள் திட்டிக்கொண்டு சாலை நடுவில் நின்றேன். அதிகாரி வந்து என்னை ஓரமாக இழுத்துவிட்டார்.

வெயில் சாயத் தொடங்கிய நேரம். தூசிக்குள்ளே நீலம்!

"வந்துருச்சு! வந்துருச்சு!" என்று நான் போட்ட கூச்சலில் சாவடிச் சிப்பாய் துப்பாக்கியைத் தூக்கிவிட்டான். டிரைவர் இறங்கி, சட்டைக்குள் கையை விட்டு, வேர்வையில் நனைந்த ஒரு பாஸ்போர்ட்டை எடுத்து என் கையில் வைத்தார். செல்வராஜ் ஆறுமுகம். பின் பக்கத்தில், குழந்தைகள் என்ற இடத்தில் ஒரே ஒரு வரி, மலர். அதிகாரி அதைப் படித்தார். குழந்தையைப் பார்த்தார். "மலர்?" என்று கேட்டார். அது தன் பெயரைக் கேட்டதும் சிரித்துவிட்டது. அவரும் சிரித்துவிட்டுப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். பின்னால் வந்த டபிள்யூ பஸ்ஸில் மூன்று பேரும் தொற்றிக்கொண்டோம்.

கூடார நகரத்தில் பஸ் நிற்கிற இடத்தில் பினு இருந்தான், ஃபாத்திமா இருந்தாள், நடுவில் செல்வராஜ். பஸ் முழுதாக நிற்கும் முன்பே அவர் ஓடிவந்து, ஜன்னல் வழியாகவே மகளை வாங்கிக்கொண்டார். வசந்தா இறங்கியதும் இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார். நான் வாயைத் திறந்தேன், மன்னிப்புக் கேட்கத்தான்.

பளார்!

அவ்வளவு பேருக்கு நடுவில், என் மாணவர்கள் கண் முன்னால் விழுந்த அறை. "சாரே!" என்று பினு பாய்ந்து வந்தான். "நீ சும்மா இருடா" என்று அவனைத் தடுத்தேன். செல்வராஜ் கையை இறக்கினார். "ரெண்டு நாளா ஒவ்வொரு பஸ்ஸா பாத்துட்டு நின்னேன் சார்... ஒவ்வொரு பஸ்ஸா..." என்று சொல்லிவிட்டு அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமென்ன இதில்?

அங்கே என்ன நடந்தது என்று பினு பிறகுதான் சொன்னான். ஏ பஸ்காரர்களை முந்தின நாளே அம்மானுக்குக் கூப்பிட்டுவிட்டார்களாம். செல்வராஜ் ஏற மாட்டேன் என்று பஸ் நிற்கிற இடத்திலேயே நின்றுவிட்டார். கடைசி ஆள் போகும்வரை சாரணன் நகரக் கூடாதல்லவா? பினுவும் அவரோடு நின்றுவிட்டான். ஃபாத்திமா போய்ப் பாஸ்போர்ட்டைக் கேட்டதும் செல்வராஜ் தர மறுத்தாராம். யார்தான் தருவார்? வளைகுடாவுக்கு வந்தவனுக்கு முதலில் சொல்லித்தருகிற பாடமே பாஸ்போர்ட்டைக் கைவிடாதே என்பதுதானே! அதுவும் முன்பின் தெரியாத டிரைவரிடம், போர் நடக்கிற நாட்டுக்குள் திருப்பி அனுப்புவதென்றால்? "அது தொலைஞ்சா நானும் போக முடியாது, பாப்பாவும் வர முடியாதும்மா" என்றிருக்கிறார்.

ஃபாத்திமா என்ன செய்தாள் தெரியுமா? தன் பாஸ்போர்ட்டை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டாள். "உங்களது திரும்பி வர்ற வரைக்கும் இது உங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணே. வரலேன்னா நானும் உங்களோட இங்கயே இருக்கேன்." அவளுடைய உம்மா தலையில் அடித்துக்கொண்டாராம். "பொட்டப்புள்ள பாஸ்போர்ட்ட ஊரான் கையில குடுத்துட்டு நிக்கிறாளே, அல்லா!" அதைப் பார்த்த பினுவும் தன்னுடையதை எடுத்து மேலே வைத்தான். பிறகுதான் செல்வராஜ் தன் பாஸ்போர்ட்டைக் கொடுத்தார். சொல்லும்போதே இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. என்ன பிள்ளைகள்!

அன்று சாயங்காலமே உட்கார்ந்து புதுப் பட்டியல் முறை எழுதினோம். எழுதியது ஃபாத்திமா, நான் எடுபிடி. ஒரே வரிதான்: யாரெல்லாம் ஒரே சட்டியில் சாப்பிடுகிறார்களோ அவர்கள் எல்லாரும் ஒரே பஸ். சாரணர் முகாமில் ஓர் அணிக்கு ஓர் அடுப்பு, அந்தக் கணக்குத்தான். பெயர் எதில் தொடங்கினால் என்ன, எதில் முடிந்தால் என்ன? இதைச் செய்யாமல் நான் என்னென்னமோ செய்திருக்கிறேன்! அடுத்த சுற்றில் வரப்போகிறவர்களுக்காக, காலி பஸ் ஒன்றில் அதைக் குவைத்தில் இருந்த குல்கர்னி சாருக்கு அனுப்பினோம். நான்காம் நாள் வந்த பஸ்களில் இருந்து நம் ஜனங்கள் குடும்பம் குடும்பமாக இறங்கினார்கள். அவர்களோடு குல்கர்னி சாரின் சீட்டும் வந்தது, சிவப்புப் பென்சிலில். "முறை என்னுடையது, தவறும் என்னுடையது. இதைக் கண்டுபிடித்தவருக்கு என் சல்யூட். சொல்லியும் கேட்காதவனுக்கு ஒரு வாரம் பாத்திரம் தேய்க்கும் டியூட்டி." தேய்த்தேன். கூடார நகரத்தில் ஏழு நாளும் மணலைப் போட்டு அண்டா அண்டாவாகத் தேய்த்தேன்.

குல்கர்னி சார் கடைசி பஸ்ஸில்தான் வந்தார். புனேவுக்குப் போனவர் திரும்பி வரவில்லை, வயதாகிவிட்டது. ஃபாத்திமா, பினு எல்லாரும் ஊர் ஊராகச் சிதறிப்போனார்கள். அந்தப் பதினான்கு பேர் அப்புறம் ஒன்றாகக் கூடவே இல்லை.

போர் முடிந்து அடுத்த வருடம் பள்ளிக்கூடத்தைத் திறக்கிறோம், வா என்று எனக்கு ஆள் அனுப்பினார்கள். போனேன். படைக்கென்று இருந்த மேளம் இல்லை, கூடாரம் இல்லை, கொடிக் கம்பம் கூட இல்லை. ஒளித்துவைத்த யூனிஃபார்ம் மூட்டையும் இல்லை. எண்ணெய்க் கிணறுகள் எரிந்த கரி இன்னும் சுவரில் ஒட்டியிருந்தது. இருந்தால் என்ன? படையைத் திரும்ப எழுப்பிவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். இந்த முறை பெரியவன் நான்தான், உதவிக்கு ஆள் கிடையாது. மைதானத்தில் ஒரு மேஜை, ஒரு புது நோட்டு. முதல் வரியில் யார் பெயர் வரும் என்று ஆவலாகக் காத்திருந்தேன். காலை முழுவதும் ஒருவரும் வரவில்லை. போரில் இருந்து மீண்ட பெற்றோர்கள், பிள்ளைகளைக் கைக்குள்ளேயே வைத்துக்கொள்ளத்தான் நினைத்தார்கள். குறை சொல்ல முடியுமா?

மத்தியானம் ஒருவர் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். கராஜ் கவரால் உடுப்பு, கையில் கிரீஸ். கூட ஒரு சின்னப் பெண், ஆறு வயதுக்குள் இருக்கும். பக்கத்தில் வந்த பிறகுதான் அடையாளம் தெரிந்தது. செல்வராஜ்! நான் சட்டென்று எழுந்து நின்றேன். கை தானாகக் கன்னத்துக்குப் போனது. அவர் அதைப் பார்த்துவிட்டு, எனக்கு முன்னால் அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

"சின்னப் புள்ளைகளுக்கும் உங்க படையில ஒரு பிரிவு இருக்காமே சார். பாப்பாவைச் சேக்கலாம்னு வந்தேன்."

"என்கிட்டயா? நான் அன்னைக்கு..." என்று தடுமாறினேன்.

"அன்னைக்கு உங்க விசிலுக்குப் பயந்து பஸ்ல ஏறுனேன் சார். இன்னைக்கு யாரும் ஊதல, நானாத்தான் வந்திருக்கேன். எழுதிக்கங்க."

பேனாவை எடுத்தேன். மூடியைக் கழற்றாமலே நோட்டில் வைத்து இழுத்தேன். செல்வராஜ் என் கையிலிருந்து பேனாவை வாங்கி, கிரீஸ் படாமல் நோட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, முதல் வரியில் தன் மகளின் பெயரை எழுதினார்.